மூப்பெய்திய எண்ணெய் வயல்களும் கரியமில வாயுவும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

எண்ணெய் வயலுக்கும் முதுமை உண்டு. தொடக்கத்தில் நிலத்தடி அழுத்தத்தால் மேலெழும் கச்சா எண்ணெய், அழுத்தம் தளர்ந்தபின் நீர் செலுத்தி வெளியேற்றப்படுகிறது. அதன் பின்னரும் பெரும்பகுதி பாறைத் துளைகளிலேயே தங்கிவிடுகிறது. அதனை மீட்கக் கரியமில வாயு பயன்பட்ட வரலாற்றையும், அப்பயன்பாட்டின் நோக்கம் மாறிய விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

செயல்முறை

31 பாகை செல்சியசுக்கும், வளிமண்டல அழுத்தத்தின் ஏறத்தாழ 73 மடங்குக்கும் மேற்பட்ட நிலையில் கரியமில வாயு திரவம்போல் அடர்ந்தும் வாயுபோல் ஊடுருவியும் பரவும். எண்ணெயில் கலந்து, அதனைப் பருக்கச் செய்து, பாகுத்தன்மையைக் குறைக்கும். எண்ணெயுடன் வெளிவரும் வாயுவைப் பிரித்து மீண்டும் செலுத்துவர். எஞ்சியது பாறையில் தங்கும்.

டெக்சாஸ் முதல் வேபர்ன் வரை

1972-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சாக்ராக் வயலில் இம்முறை பெருமளவில் தொடங்கியது. இயற்கை எரிவாயு ஆலைகளில் பிரிக்கப்பட்ட கரியமில வாயு குழாய்வழி அங்கு வந்தது. அன்றைய நோக்கம் எண்ணெய் மட்டுமே. 1954-இல் கண்டறியப்பட்ட கனடாவின் வேபர்ன் வயலில் 2000-இல் இம்முறை புகுந்தபோது நிலை மாறியிருந்தது. வடக்கு டகோட்டாவின் நிலக்கரி வாயுவாக்க ஆலையிலிருந்து ஏறத்தாழ 320 கிலோமீட்டர் குழாயில் வந்த வாயு நிலத்தடியில் நிலைத்திருக்கிறதா எனப் பன்னாட்டு ஆய்வுக்குழு கண்காணித்தது. எண்ணெய் மீட்பு, வாயுச் சேமிப்பு என நோக்கம் இரண்டானது.

இந்தியச் சூழல்

குஜராத்தின் காந்தார் வயலில், கோயலி சுத்திகரிப்பு ஆலையில் பிடிக்கும் வாயுவைச் செலுத்துவதற்காக ஓ.என்.ஜி.சி.யும் இந்தியன் ஆயிலும் 2019-இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. தமிழகத்திலோ, தூத்துக்குடியில் 2016-இல் தொடங்கிய பிடிப்பு ஆலையின் வாயு சோடா சாம்பல் உற்பத்திக்குச் சென்றது. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறுகள் நெல்வயல்களுக்கிடையே உள்ளன. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அங்குப் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்தது, நடைமுறையிலிருந்தவற்றைத் தொடவில்லை. ஆகவே, பழைய கிணறுகளுக்குப் புத்துயிரளிக்கும் இம்முறை டெல்டாவுக்கு அயலான வினாவன்று.

முடிவுரை

எண்ணெய்க்காகப் பிறந்த முறை பின்னரே சூழல் காப்பின் பெயரைப் பெற்றது என்பதை வரலாறு காட்டுகிறது. ஆதலின், புதைத்த வாயுவை மட்டும் கணக்கிடுதல் போதாது. கூடுதலாக எடுத்த எண்ணெய் எரியும்போது எழும் வாயுவையும், மூடிய கிணறுகளை நெடுங்காலம் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே இம்முறையை மதிப்பிடல் வேண்டும்.