அடைக்கலப் பொருளும் அளவுக் கணக்கும்

பொருள் ஒருவர் கையில் இருக்கும். அதன் உரிமையோ மற்றொருவருடையதாக இருக்கும். விற்றுத் தருமாறு உழவர் மண்டியில் இறக்கிவைக்கும் மூட்டைகளும், அரைத்துத் தருமாறு ஆலைக்கு அனுப்பப்படும் நெல்லும் இத்தகையன. இவ்வாறு ஒப்படைக்கப்பட்ட சரக்கைக் காக்கும் நெறியைச் சமண அறநூல்களும் காவிரி நாட்டு வழக்கங்களும் நெடுங்காலமாகப் பேணி வந்துள்ளன.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இல்லறத்தாரின் அணுவிரதங்களுக்கு நேரும் அதிசாரங்களை வகுத்துரைக்கிறது. கள்ள அளவையும் கலப்படமும் அங்கே களவின்பாற் படுகின்றன. ஆனால், அடைக்கலப் பொருளைக் கவர்தலாகிய நியாசாபகாரம் வாய்மை விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. பூஜ்யபாதரின் சர்வார்த்தசித்தி உரையை நோக்கின் இதன் காரணம் புலப்படும். ஒப்படைத்தவர் எண்ணிக்கையை மறந்து குறைத்துக் கேட்கும்போது, பெற்றவர் அதுவே சரியென உடன்படுதல் இக்குற்றம். கை செய்யும் தவறுக்கு முன்னரே நாவின் தவறு நேர்ந்துவிடுகிறது. ஆகவே, இருப்பை எண்ணி எழுதிவைத்தல் வாய்மையைக் காக்கும் செயலாகிறது.

ஒப்படைத்தவர் மறக்கலாம், மறையவும் கூடும். இதற்குச் சோழர் காலத்தார் கல்லிலே தீர்வு கண்டனர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் இடையர்பால் ஒப்படைக்கப்பட்டன. நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் அவர்தம் கடமை. ஆடுகள் இறக்கும்; குட்டிகள் பிறக்கும்; எண்ணிக்கை மட்டும் குறைதல் ஆகாது. இதனாலேயே அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஆட்டின் எண்ணிக்கையும் நெய்யின் அளவும் கல்லில் நின்றமையால், கொடையாளர் மறைந்த பின்னும் கணக்கு மறையவில்லை.

இன்றைய திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் இந்நெறி நெல்லின் வழியே தொடர்கிறது. 1972-இல் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், கொள்முதல் நிலையங்களில் வாங்கும் நெல்லைத் தனியார் ஆலைகளுக்கும் அரைவைக்கு அளிக்கிறது. நெல் ஆலையில் இருப்பினும் உரிமை கழகத்துடையதே. 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசியாயின் 68 கிலோவும், பச்சரிசியாயின் 67 கிலோவும் திரும்ப வேண்டும் என்பது விதி. ஈர நெல் உலர்ந்தால் எடை குறைவது இயல்பு. வெயிலால் குறைந்தது எவ்வளவு, கையால் குறைந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வல்லது, பெற்ற நாளில் எடையும் ஈரப்பதமும் குறித்த ஏடு ஒன்றே.

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா இவ்வறத்தின் மற்றொரு வடிவம். மரபு நெல் விதை 2 கிலோ பெறும் உழவர், மறு ஆண்டில் 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். திரும்பி வருவது அதே மணி அன்று, அதன் வழித்தோன்றலே. ஆயினும் இனம் மாறாமலும் அளவு குறையாமலும் வரவேண்டும். 2018-இல் அவர் மறைந்தார். உழவர் கைகளில் பரவிய விதைகள் வயல்களில் விளைந்து வருகின்றன.

திருவிழாக் காலத்தில் அரிசியும் நெய்யும் பொருளும் அறக்கட்டளைகளின் கைக்கு வருகின்றன. தந்தவர் பலர் பின்னர்க் கணக்குக் கேட்பதில்லை. கேளாதவர்க்கும் குறையாது எழுதிவைக்கும் கணக்கே அடைக்கலம் காத்தலாகும்.