மூளையின் ஊமைக்காயம்: ஹென்றி மில்லரின் 1961ஆம் ஆண்டு முடிவு குறித்து ஒரு மறுவாசிப்பு

1961ஆம் ஆண்டு ஏப்ரலில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் அடுத்தடுத்த இரண்டு இதழ்களில் ‘விபத்து நியூரோசிஸ்’ என்ற கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் நியூகாசிலைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஹென்றி மில்லர். லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியின் மில்ராய் சொற்பொழிவுகளின் எழுத்து வடிவம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் லான்செட் இதழில் சபீனா ஸ்ட்ரிச்சின் கட்டுரை வந்தது. தலையில் அடிபட்டு இறந்தவர்களின் மூளைகளில் நரம்பிழைகள் அறுந்திருந்ததை அது விவரித்தது. இரண்டுக்கும் இடையில் ஐந்து மாதங்கள்கூட இல்லை. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகள் வழக்கறிஞர்கள் கையில் புழங்கியது மில்லரின் கட்டுரை. ஸ்ட்ரிச்சினுடையது நோயியல் ஆய்வகங்களோடு நின்றுவிட்டது.

வாகன விபத்துக்குப் பிறகு வெளியே காயம் தெரியாமல் மூளையில் ஏற்படும் சேதம் எப்படி மருத்துவ அங்கீகாரம் பெற்றது என்ற வரலாற்றை, ஸ்கேன் கருவிகளின் வரலாறாக எழுதுவதே வழக்கம். அது பொருந்தவில்லை என்பது என் கருத்து. அந்த அங்கீகாரத்துக்கு முன்னால் நின்ற பெரிய தடை கருவி இல்லாமை அல்ல, மில்லரின் முடிவு. அதைத் தளர்த்தியதும் ஸ்கேன் அல்ல. எரிக்சன் 1866இல் எழுதிய ரயில் விபத்து நூல், அதற்கு ரயில்வே நிறுவனத்தின் அறுவை மருத்துவரான ஹெர்பர்ட் பேஜ் 1883இல் கொடுத்த மறுப்பு, 1889இல் ஓப்பன்ஹைம் கிளப்பிய சர்ச்சை ஆகியவை பலமுறை எழுதப்பட்டவை. அவற்றை இங்கு விரிக்கவில்லை. வழக்கின் அமைப்பு அப்போதே உருவாகிவிட்டது என்பதை மட்டும் நினைவில் கொள்வோம். உடலில் ஏதோ முறிந்திருக்கிறது என்று ஒரு தரப்பு சொல்லும். காட்டு பார்க்கலாம் என்று மறுதரப்பு கேட்கும்.

மில்லர் சொன்னது என்ன? இழப்பீட்டு வழக்குக்காகத் தம்மிடம் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட, தலையில் அடிபட்ட 200 பேரை வரிசையாகப் பார்த்தார். அவர்களில் 47 பேரிடம் வெளிப்படையான நியூரோசிஸ், அதாவது மனம் சார்ந்த கோளாறு, இருப்பதாகக் கணித்தார். தலைவலி, கிறுகிறுப்பு, எரிச்சல், மறதி, வேலையில் மனம் குவியாமை என்று முறையிட்டவர்கள் இவர்கள். காயம் கடுமையாக இருந்தவர்களிடம் இந்த முறையீடுகள் குறைவு, லேசாக இருந்தவர்களிடம் அதிகம் என்பது அவர் கண்டது. இதிலிருந்து அவர் போன இடம் தெளிவானது: காயம் காரணமென்றால் காயம் பெருகப் பெருக முறையீடும் பெருக வேண்டும், நேர்மாறாக இருப்பதால் காரணம் காயமல்ல, இழப்பீட்டு எதிர்பார்ப்பு. இதற்குத் துணையாக 50 பேரின் பின்தொடர்வை வைத்தார். வழக்கு முடிந்து இரண்டு ஆண்டுகளில் இருவர் நீங்கலாக எல்லோரும் குணமாகிவிட்டார்கள் என்றார்.

மில்லர் நன்றாக எழுதுகிறவர். கிண்டலும் வேகமும் கலந்த அந்த நடைதான் கட்டுரையின் பாதி வலிமை. அதை ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க்கிறேன்.

முதலில் அந்தத் தலைகீழ் உறவு. மில்லரின் அறைக்கு யார் வந்தார்கள்? மண்டை உடைந்தவர், நாட்கணக்கில் நினைவின்றிக் கிடந்தவர் எப்படியும் வருவார். அவருக்கு இழப்பீடு கேட்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய காரணம் இருக்கிறது. லேசாக அடிபட்டவர்களில் ஒரு தொந்தரவும் இல்லாதவர் வேலைக்குப் போய்விடுவார்; வழக்கும் இல்லை, பரிசோதனையும் இல்லை. தொந்தரவு நீடிப்பவர் மட்டுமே வழக்கறிஞரைப் பிடித்து, அவர் வழியாக மில்லரிடம் வந்து சேர்வார். மெக்கானிக் கடையில் உட்கார்ந்து கணக்கெடுத்தால், நொறுங்கிய வண்டி சத்தம் போடுவதில்லை, லேசாக இடித்த வண்டிதான் சத்தம் போடுகிறது என்றுதான் தெரியும். சத்தம் போடாத லேசாக இடித்த வண்டி கடைக்கு வருவதே இல்லையே. மில்லர் கண்ட தலைகீழ் உறவு பொய்யல்ல; அது அவர் அறை வாசலின் இயல்பு. நோயாளிகளின் மனத்தைப் பற்றி அதிலிருந்து எதுவும் பெற முடியாது.

அடுத்து அந்த 50 பேர். மேலோட்டமாக வாசிப்பவர்கள் இவர்களை 200 பேரின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. வழக்குப் பரிசோதனைக்கு வந்த பெருங்கூட்டத்திலிருந்து, நியூரோசிஸ் ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது என்ற அடிப்படையிலேயே பொறுக்கப்பட்ட தனித் தொகுதி இது. நியூரோசிஸ் என்று முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டவர்கள் குணமானதை, தலைக்காயம் பட்ட எல்லோருக்குமான விதியாக நீட்ட முடியாது. அந்தத் தொகுதியைக்கொண்டு பெற்ற முடிவும் பின்னால் நிலைக்கவில்லை. 1985இல் டார்ஷ், ராய்ஸ்டன் இருவரும் இத்தகைய 35 வழக்காளிகளைத் தொடர்ந்து பார்த்தபோது, பணம் கைக்கு வந்த பிறகும் குணமானவர்கள் சிலரே. ஆனால் இந்த ஆய்வை மூளைக்காயத்துக்கு ஆதாரமாக நான் வைக்கவில்லை. அதில் தலைக்காயம் முதன்மை அல்ல. மில்லரின் இரண்டாவது தூணை அது சாய்க்கிறது, அவ்வளவுதான்.

மில்லருடைய சான்றுகளில் எனக்குச் சங்கடம் தருவது ஒன்று உண்டு. தொழிற்சாலை விபத்துகளில் நியூரோசிஸ் அதிகம், சாலை விபத்துகளில் குறைவு என்கிறார். வேகமாக ஓடும் வாகனம் திடீரென நிற்பதால்தான் நரம்பிழைகள் அறுகின்றன என்றால், சாலை விபத்தில் அல்லவா முறையீடு கூடுதலாக இருக்க வேண்டும்? தொழிலாளர் சங்கம், முதலாளியோடு உள்ள பழைய மனக்கசப்பு, வழக்குக்குப் போகும் எளிமை என்று விளக்கங்கள் அடுக்கலாம். அவை எல்லாம் மில்லரின் தரப்புக்கே உதவும். வாசல் பற்றிய என் வாதம் இங்கே ஓரளவுதான் எட்டுகிறது. இந்த இடத்தில் மில்லருக்கு ஒரு புள்ளி கொடுத்துவிட்டு நகர்கிறேன்.

ஆனால் அவர் காயத்தின் கடுமையை எதைக்கொண்டு அளந்தார் என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. மண்டையோட்டு முறிவும், நினைவிழந்திருந்த நேரமும் அவருக்கு அளவுகோல்கள். மண்டையோட்டு முறிவுக்கும் நரம்பிழை அறுவதற்கும் நேரடித் தொடர்பில்லை என்பதற்கான சான்று அவர் பேசுவதற்கு முன்பே அச்சில் இருந்தது. 1941இல் டென்னி-பிரவுனும் ரிச்சி ரஸ்ஸலும் விலங்குகளில் காட்டினார்கள்: தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு அடித்தால் மூளை அதிர்ச்சி எளிதில் வராது, அசையும் தலையில் அடித்தால் வரும். 1943இல் ஆக்ஸ்போர்டு இயற்பியலாளர் ஹோல்போர்ன் மூளைக்குப் பதிலாக ஜெலட்டினை வைத்து இதை விளக்கினார். மூளைப்பொருள் அழுத்தினால் சுருங்காது; ஆனால் எளிதில் நெளியும். தலை சட்டெனச் சுழலும்போது ஒரு படலம் அடுத்ததன்மேல் வழுக்குகிறது. நடுவே ஓடும் இழைகள் இழுபடுகின்றன. இதற்கு மண்டை எதிலும் மோத வேண்டியதில்லை. 1956இல் ஸ்ட்ரிச் ஐந்து நோயாளிகளை விவரித்தார். மண்டை முறிவில்லை, இரத்தக்கட்டில்லை, மூளை அழுத்தம் கூடவில்லை. ஆனாலும் வெண்பொருள் பரவலாக அழிந்திருந்தது. 1961இல் அவர் தொகுப்பு 20 ஆனது. 1982இல் ஆடம்ஸ் குழுவினர் கிளாஸ்கோவில் இத்தகைய 45 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, இழைச்சேதம் உள்ளவர்களிடம் மண்டை முறிவு குறைவாகவும், சாலை விபத்து அதிகமாகவும் இருந்தது. மில்லரின் அளவுகோலில் முதலாவது அங்கேயே உடைந்துபோகிறது. மண்டை முறிவில்லை என்பதை அவர் லேசான காயத்தின் அடையாளமாகக் கொண்டார். அது மோதலின் வகையைச் சொல்லும் செய்தியாகவும் இருக்கலாம்.

இங்கே மில்லரின் ஆதரவாளர் ஒருவர் குறுக்கிட்டால் அது நியாயமே. ஸ்ட்ரிச்சின் நோயாளிகள் கடுமையாக அடிபட்டு உணர்வற்றுக் கிடந்தவர்கள். தலைவலி என்று சொல்லிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்வருபவரோடு அவர்களுக்கு என்ன சம்பந்தம்?

அந்த இடைவெளியில் பாலமாக நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு கட்டுரை. ஆக்ஸ்போர்டின் ஓப்பன்ஹைமர் (ஜெர்மன் ஓப்பன்ஹைமோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) 1968இல் வெளியிட்டது. தலைக்காயம் பட்டவர்களின் மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அவர், அவர்களுக்குள் ஒரு சிறு பிரிவைத் தனியாகக் காட்டினார்: மருத்துவக் குறிப்பின்படி அற்பமான அதிர்ச்சி மட்டுமே கண்டு, பிறகு வேறு காரணத்தால் இறந்தவர்கள். அவர்களில் ஒருவர் நினைவிழக்கவே இல்லை; சற்று நேரம் திகைத்துப்போனதோடு சரி. அவர் மூளையிலும் அறுந்த இழைகளைச் சுற்றி, சேதமுற்ற இடத்தில் திரளும் மைக்ரோகிளியா செல்கள் கொத்துக்கொத்தாகக் கூடியிருந்தன.

இந்தச் சான்று எவ்வளவு மெலிந்தது என்பது தெரியாமல் இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய மூளைகள். அந்த நோயாளிகள் நீண்டநாள் பிழைத்திருந்தால் மறதி என்றோ கிறுகிறுப்பு என்றோ சொல்லியிருப்பார்களா என்பதற்குக் குறிப்பில்லை. வேறு நோயால் இறக்கும்போது ஏற்பட்ட பிராணவாயுக் குறைவும் மூளையில் வடு விட்டிருக்கலாம். இருந்தும் இதை நான் வலுவாகப் பிடித்துக்கொள்கிறேன். முதல் காரணம் நேரம்: அந்தச் செல்கள் கூடுவதற்கு அவகாசம் வேண்டும், மரணத் தறுவாயில் நேர்ந்த சேதத்தைச் சுற்றி அவை உடனே கொத்தாகத் திரண்டுவிடாது. இரண்டாவது காரணம் தருக்கத்தைச் சேர்ந்தது. திகைத்து மட்டும் போனவரின் மூளையில் இழை அறுவதே இல்லை என்ற பொது விதி மில்லருக்குத் தேவைப்பட்டது. பொது விதியை மறுக்க ஆயிரம் மூளை வேண்டாம். சந்தேகத்துக்கிடமில்லாத ஒன்று போதும். ஓப்பன்ஹைமரின் அந்த ஒன்று முழுக்கச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதல்ல. ஆயினும் அதே ஆண்டில் ஒம்மாயா குழுவினர் குரங்குகளில் செய்த சோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தலை எதிலும் மோதாமல், பின்னால் இருந்து உந்தப்பட்டுக் கழுத்து சொடுக்கப்பட்டதிலேயே மூளையில் இரத்தக்கசிவு கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு, உடலில் காட்ட எதுவுமில்லை என்று சாதிக்கும் பொறுப்பு மறுதரப்புக்கு மாறிவிடுகிறது.

உயிரோடு இருப்பவரிடம் இதை அளந்தது ஸ்கேன் அல்ல, வாய்க்கணக்கு. ஆக்லாந்தில் குரோன்வாலும் ரைட்சனும் பயன்படுத்திய சோதனை எளிமையானது. ஒலிநாடா எண்களைச் சொல்லிக்கொண்டே போகும். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும். 3, 5 என்றால் 8. அடுத்து 2 வந்தால் 7. எட்டோடு கூட்டிப் பத்து என்று சொல்லிவிடாமல் இருப்பதில்தான் கஷ்டம். எண்கள் வரும் வேகம் கூடக் கூட, பேச்சில் ஒரு குறையும் தெரியாத நோயாளி திணறினார். முறையீடு நீடித்தவர்களிடம் இந்தத் திணறலும் நீடித்தது, முறையீடு தணிந்தபோது தணிந்தது. 1974இல் லான்செட்டில் இது வெளிவந்தது.

இதை மில்லருக்கு எதிரான இறுதிச் சான்றாகச் சிலர் காட்டுகிறார்கள்: நியூசிலாந்தில் விபத்துக்காக வழக்குப் போடவே முடியாது, எனவே பணத்தாசை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அவர்கள் வாதம். எனக்குச் சாதகமான இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. வழக்குரிமைக்குப் பதில் பொது இழப்பீடு கொண்டுவந்த சட்டம் இயற்றப்பட்டது 1972இல். நடைமுறைக்கு வந்தது 1974 ஏப்ரல் முதல் தேதி. கட்டுரை அச்சேறியதோ அதே ஆண்டு செப்டம்பரில். எழுதி, மதிப்பிட்டு, அச்சிட ஆகும் காலத்தைக் கழித்தால் அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பழைய சட்டத்தின் காலத்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று பிரிக்க வழியில்லாதவரை, நியூசிலாந்துச் சட்டத்தை 1974ஆம் ஆண்டுக் கட்டுரையின்மேல் ஏற்றக்கூடாது.

1971 அக்டோபரில் லண்டன் புறநகரில் முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் எடுத்த ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி இந்த வரலாற்றில் என்ன செய்தது? இரத்தக்கட்டைக் காட்டி எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றியது. ஊமைக்காயத்தைப் பொறுத்தமட்டில் அது பேஜின் கேள்விக்குப் புதிய கூர்மையைத் தந்தது என்றே சொல்வேன். இழைச்சேதம் சி.டி. படத்தில் பெரும்பாலும் தெரியாது. முன்பு ‘காட்டு பார்க்கலாம்’ என்ற மறுதரப்பு, இப்போது ‘பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை’ என்றது. 1974இல் டீஸ்டேலும் ஜென்னெட்டும் வகுத்த கிளாஸ்கோ மயக்க அளவுகோலுக்கும் இதே கதி நேர்ந்தது. ஆழ்ந்த மயக்கத்தை அளக்க உருவான அதன் உச்ச மதிப்பான 15, காயமே இல்லை என்பதன் சான்றாகப் படிக்கப்பட்டது.

திகைத்துப்போவது மட்டுமே போதும், நினைவிழக்க வேண்டியதில்லை என்பது அதிகாரப்பூர்வமான வரையறையில் இடம்பெற்றது 1993இல், அமெரிக்க மறுவாழ்வு மருத்துவப் பேராயத்தின் ஆவணத்தில். மறு ஆண்டே அடிலெய்டில் பிளம்பர்க்ஸ் குழுவினர் ஓப்பன்ஹைமரின் வழியில் திரும்பவும் போனார்கள். லேசான அதிர்ச்சிக்குப் பிறகு வேறு காரணத்தால் இறந்த ஐந்து பேரின் மூளைகளில், சேதமுற்ற இழைகளில் தேங்கும் அமிலாய்டு முன்னோடிப் புரதத்தைச் சாயமேற்றிப் பார்த்தபோது இழைச்சேதம் தெரிந்தது. நினைவோடு தொடர்புடைய ஃபோர்னிக்ஸ் பாதையிலும் தெரிந்தது. மறதி என்று முறையிட்டவர்களை மில்லர் எங்கே வைத்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் புரதம் இரத்த ஓட்டக் குறைவாலும் தேங்கும். ஓப்பன்ஹைமர் மேல் எழுந்த ஐயம் ஐந்து பேருக்கும் பொருந்தும். அங்கீகாரத்தின் ஆண்டு எது என்று கேட்டால் 1968, 1974, 1993 மூன்றுக்கும் வழக்கு உண்டு. நான் 1968 பக்கம் சாய்கிறேன், அறுதியிட மாட்டேன்.

2018 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லேசான மூளைக்காயத்துக்கான முதல் இரத்தப் பரிசோதனையை அனுமதித்தது. அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் இரண்டு புரதங்களை அளப்பது அது. எந்த நோயாளிக்கு சி.டி. எடுக்கத் தேவையில்லை என்று முன்கூட்டிச் சொல்வதே அதற்கு விதிக்கப்பட்ட வேலை. அதன் சரி தவறு அளக்கப்பட்டதும் சி.டி. படத்தில் தெரியும் சேதத்தோடு ஒப்பிட்டுத்தான்.