ஆடு நடந்த பாதையும் உடை மரமும்

எங்க தாமிரபரணிப் பாசனத்துல பிசான அறுப்பு முடிஞ்சா வயல்ல ஆட்டுக்கிடை போடுவோம். கரிசல்காட்டுல இருந்தும் ராமநாதபுரம் பக்கம் இருந்தும் கீதாரிகள் ஆடுகளை நடத்தியே கூட்டிட்டு வருவாங்க. கிடையைப் பத்தி நிறையப் பேர் எழுதிட்டாங்க. நான் சொல்ல வந்தது அந்த ஆடுகள் நடந்த பாதையைப் பத்தி.

ஓடைக்கரை, குளத்துப் புறம்போக்கு, வண்டிப்பாதை, மேய்ச்சல் தரிசு. இதையெல்லாம் ஒட்டித்தான் ஆடு நடக்கும். கலப்பை படாத நிலம்ங்கிறதால நம்ம மண்ணோட உடை, விடத்தலை, இலந்தை, ஆவாரை, கொழுக்கட்டைப்புல் எல்லாம் அங்க தங்கிச்சு. உடைநெத்தைத் தின்ன ஆடு, அடுத்த ஊர்ல புழுக்கையோட விதையைப் போட்டுட்டுப் போகும். பாதைக்கு வேண்டிய நிழலை இப்படி ஆடே விதைச்சது.

பிறகு சீமை உடை வந்தது. 1877-ல ஜமைக்காவில இருந்து மதராஸ் மாகாணத்துக்கு விதை வந்ததா வனத்துறை வரலாறு சொல்லுது. விறகுக்காக வந்த மரம். அதோட நெத்து இனிப்பு. ஆடு, மாடு விரும்பித் தின்னும். உடையைப் பரப்பின அதே வழியில இதுவும் பரவிச்சு. அடர்ந்து முள்ளாப் போனதும் அடியில புல் இல்ல, ஆட்டுக்கும் வழி இல்ல.

இது ஆட்டோட பிரச்சினை மட்டும் இல்ல. நம்ம மாவட்டத்துல வல்லநாடு மலையில 1987-ல வெளிமான் சரணாலயம் அறிவிச்சாங்க. சுமார் 16 சதுர கிலோமீட்டர். வெளிமானுக்குப் பேர்லயே வெளி இருக்கு. திறந்த புல்வெளி இல்லாட்டா அது பிழைக்காது. அதுவும் சீமை நெத்தைத் தின்னு விதையைப் பரப்பும்.

ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல பழைய மந்தைப் பாதைகளை இன்னும் பொதுநிலமா வச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் கோதுமைக்காடு ஆனபிறகு, அந்த ஊர் மரமும் பறவையும் மிஞ்சினது பல இடத்துல அந்தப் பாதையிலதான். ஸ்பெயின்ல 1995-ல மந்தைப் பாதைகளுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. நம்ம நாட்டு 2006 வன உரிமைச் சட்டமும் இடம்பெயர்ந்து மேய்க்கிறவங்களோட பருவகால உரிமையைச் சொல்லுது. ஆனா அது வனநிலத்துக்கு. ஊர்ப் புறம்போக்கை ஊர்தான் காக்கணும்.

அதனால ஒண்ணு கேக்கேன். உங்க ஊர் புலப்படத்துல வண்டிப்பாதையும் மேய்ச்சல் புறம்போக்கும் எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க. கிராமசபையில அதை அளந்து கல்லு போடச் சொல்லுங்க. சீமை உடையை நெத்து பழுக்கிறதுக்கு முன்னாடி வேரோட எடுங்க. மேல வெட்டினா மறுபடி தழைக்கும். எடுக்கும்போது நம்ம உடையையும் விடத்தலையையும் அடையாளம் வச்சு விட்டுருங்க. பொக்லைனுக்கு ரெண்டும் ஒரே முள்ளுதான்.