திருமோகூர்ச் சாமிகள்

மதுரையிலிருந்து மேலூர் போகிறவர்கள் ஒத்தக்கடையில் இறங்கித் திருமோகூருக்கும் ஒரு நடை போய் வரவேண்டும். நம்மாழ்வார் பாடிய காளமேகப் பெருமாள் அங்கே எழுந்தருளியிருக்கிறார். அந்தக் கோயிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வெள்ளைக்காரத் தளபதியின் ஞாபகமும் கூடவே வந்துவிடுகிறது. மேல்நாட்டார் நம்மைப் பார்த்த பார்வை மாறிய கதைக்கு அவனைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவுக்கு எல்லாமே அதிசயமாக இருந்தது. அரசன் அணிந்த முத்தும் மணியும் ஒரு நகரத்தின் விலை பெறும் என்று வியந்தான். இவ்வூரார் தெய்வத்துக்குக் கறுப்பும் பிசாசுக்கு வெள்ளையும் பூசுகிறார்கள் என்றும் எழுதினான். அதைக் கோபமில்லாமல் எழுதியிருக்கிறானே, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. வாணிகர் வீட்டுப் பிள்ளைக்குக் கோபம் எதற்கு?

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி பாதிரியார் காவி உடுத்தார், புலால் விட்டார், தமிழும் வடமொழியும் கற்றார். மதம் மாற்றத்தான் வந்தார், சந்தேகமில்லை. ஆனாலும் எதிரே இருப்பவன் அறிவாளி என்று ஒப்புக்கொண்டவன்தானே அவனிடம் பாடம் கேட்க உட்காருவான்!

பிறகு வந்தவர்கள் வரி கேட்க வந்தார்கள். 1755-ல் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கப்பம் வசூலிக்கக் கம்பெனிப் படையோடு புறப்பட்டான் கர்னல் ஹெரான். திருமோகூர்க் கோயில் கதவை வைக்கோல் கட்டுகளால் எரித்து உள்ளே புகுந்தார்கள். கள்ளர் கும்பிட்டு வந்த சிறு செப்புத் திருமேனிகளைப் பீடத்திலிருந்து பெயர்த்து மூட்டை கட்டினார்கள். பித்தளைக்காக அல்ல, சாமியை மீட்க எவ்வளவும் கொடுப்பார்கள் என்ற கணக்கு!

மே மாத இறுதியில் படை நத்தம் கணவாய் வழியே திரும்பிற்று. இருபுறமும் அடர்ந்த காடு. காட்டுக்குள்ளிருந்து கள்ளர் வேலும் ஈட்டியுமாகப் பாய்ந்து மூட்டைகளைக் கிழித்தார்கள். உள்ளே தெய்வங்களைக் கண்டதும், "சாமி! சாமி!" என்று ஆனந்தக் கூச்சலிட்டார்களாம்.

இதை எழுதி வைத்தவர் கம்பெனியின் சரித்திரக்காரர் ராபர்ட் ஆர்ம். அந்நாளில் சென்னைக் கவுன்ஸிலில் அங்கத்தினராக இருந்தவர். 1763-ல் வெளிவந்த அவருடைய புத்தகம் கள்ளரின் பெயருக்குத் திருடர் என்று பொருள் சொல்லி, குணமும் அதுவே என்று தீர்ப்பும் எழுதிவிட்டது. சாமியைத் தூக்கிப் போனவன் கர்னல்; பறிகொடுத்து மீட்டவர்கள் திருடர்கள்! ஹெரானைக் கம்பெனி பின்னால் விசாரித்து நீக்கியதும் பணவிவகாரங்களுக்காகத்தான்.

1792-ல் டேனியல் என்ற ஓவியர்கள் இருவர் மதுரைக்கு வந்தார்கள். பயம் தீர்ந்த காலம். திருமலை நாயக்கர் மகாலின் இடிபாடு அவர்களுக்கு அழகான படமாயிற்று. ஆனால் ஆர்ம் எழுதிய சொல் போகவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின் சென்னை ராஜதானிக்கும் வந்தது. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை பதிந்து, இரவில் சொந்த வீட்டை விட்டுப் போலீஸ் கண்காணிப்பில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1947-ல்தான் அது ரத்தாயிற்று.