விளக்குமாறு யார் கையில்?

முப்பது ஆண்டுகாலப் பத்திரிகைத் தொழிலில் சனசமூக நிலையங்கள், வாசிகசாலைகள், விளையாட்டுக் கழகங்கள் எனப் பலவற்றின் ஆண்டறிக்கைகளை வாசித்திருக்கிறேன். தலைவருக்கும் நன்கொடையாளருக்கும் நன்றி கூறும் அவ்வறிக்கைகளில், மலசலகூடத்தைக் கழுவியவருக்கு நன்றி கூறிய ஒன்றையேனும் நான் கண்டதில்லை. சிரமதானம் என்று ஆண்டில் ஒரு நாள் எல்லோரும் மண்வெட்டி பிடிக்கிறோம். மற்றைய நாட்களில் அந்த வேலை யாரோ ஒருவருடையதாகிவிடுகிறது.

கூடி வாழும் இடத்தின் துப்புரவை நியாயமாகப் பகிர்வது எப்படி என்ற கேள்வியோடு நீண்டகாலம் மல்லாடியவர் காந்தி. அந்த வரலாற்றில் தமிழருக்கும் பங்குண்டு.

1898இல் டேர்பனில் இருந்த அவரது வீட்டில் அலுவலக எழுதுவினைஞர்களும் தங்கியிருந்தனர். இரவில் பயன்படுத்தும் சிறுநீர்ப் பாத்திரங்களை அவரவரே கழுவுவது வழக்கம். புதிதாக வந்த ஒருவர் பஞ்சமர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவரது பாத்திரத்தைத் தாமும் மனைவியும் எடுக்கவேண்டும் என்றார் காந்தி. கஸ்தூரிபாய் கண்ணீரோடு எடுத்தார். மலர்ந்த முகத்தோடு எடுக்கவில்லை என்று சினந்த கணவர், அவரைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துச் சென்றார். இதனைப் பின்னர் தமது சுயசரிதையில் வெட்கத்தோடு எழுதியவரும் அவரே. கொள்கை உயர்ந்ததுதான், ஆனால் திணிக்கப்பட்ட சுமையைப் பங்கீடு என்று கூறமுடியாது.

1901 டிசெம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு கூடியது. பிரதிநிதிகள் தங்கிய இடத்தின் மலசலகூடங்கள் சகிக்க முடியாத நிலையில் இருந்தன. தொண்டர்களிடம் முறையிட்டபோது, அது தோட்டியின் வேலை என்று பதில் வந்தது. காந்தி தாமே விளக்குமாறு தேடி எடுத்துக் கழுவினார். துணைக்கு எவரும் வரவில்லை. தமிழ்ப் பிரதிநிதிகளோ, உண்ணும்போது பிறர் பார்வை பட்டாலும் தீட்டு என்று தட்டியால் அடைத்த தனிச் சமையற்கூடத்தின் புகைக்குள் இருந்தனர். நாட்டின் உரிமைகளைப் பேசக் கூடியவர்களின் நிலை அது.

1910இல் நிலைமை மாறியது. ஹேர்மன் கலன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில், ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், டால்ஸ்டாய் பண்ணை உருவாகியது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே குடியேறின. தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர். இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் என எல்லோரும் இருந்தனர். வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதில்லை. சமையல் முதல் மலம் அகற்றுவது வரை தம் கையாலேயே செய்வது என்பது விதி. ஒன்றரை அடி ஆழக் குழியில் மலத்தைக் கொட்டி மண்ணால் மூடினர். கழிவுநீர் வாளிகளில் சேர்க்கப்பட்டு மரங்களுக்குப் போயிற்று. நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. கல்கத்தாவில் எவரும் தொட மறுத்த வேலையை இங்கே பல சாதியாரும் மதத்தாரும் செய்தனர். ஆசிரியர் செய்யாத எதனையும் பிள்ளைகளிடம் கேட்பதில்லை என்ற விதியே அதற்கு அடிப்படை என்பது என் கருத்து.

அம்பேத்கர் இதிலே ஒரு குறை கண்டார். மலம் அள்ளுவதைப் புனிதத் தொழில் என்று போற்றுவது, அதிலே பிறந்தவனை அதிலேயே இருத்திவைக்கும் என்பது அவரது வாதம். அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எமது நாட்டிலும் நகரத் துப்புரவுப் பணிக்கென்று பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் சந்ததியினர் பலர், தலைமுறைகள் கடந்தும் அதே விளக்குமாற்றோடுதான் நிற்கின்றனர். வேலையைப் புகழ்ந்து பயனில்லை. அது கைமாற வேண்டும்.

சங்கங்களில் துப்புரவுக்கு முறைப்பட்டியல் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்கலாம். பெண்கள், இளையோர், எதிர்த்துப் பேசாதோர் ஆகியோரின் பெயர்கள் மட்டும் அதில் திரும்பத் திரும்ப வருமானால், அது டேர்பன் வீட்டின் நியாயமே. பண்ணையின் நியாயம் வேண்டுமானால் முதல் வாரத்துக்குத் தலைவரின் பெயரை எழுதுங்கள். இரண்டாம் வாரத்துக்குச் செயலாளரின் பெயரை எழுதுங்கள்.