மைசூர் பல்கலைக்கழகக் கூடைப்பந்து

மைசூர் பல்கலைக்கழகத்தின் ஆடவர், மகளிர் அணிகள் ஆடும் கூடைப்பந்து. பல்கலைக்கழகம் 1916-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கப்பட்டது. 1997-இல் குண்டலுபேட்டை வட்டம் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டத்தோடு பிரிந்து போன பின்னும், அவ்வூர் அரசுக் கல்லூரி நெடுநாள் இப்பல்கலைக்கழகத்தின் இணைப்பிலேயே இருந்தது. அமெரிக்காவில் பல்கலைக்கழக அணி ஒரே வளாகத்துக்குரியது, இப்படி வெளியூர்க் கல்லூரிகளும் சேர்ந்த இங்கே அப்படியல்ல. இணைப்புக் கல்லூரிகள் முதலில் தமக்குள் மோதும். அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே முன்னிலை பெற்றால்தான் அகில இந்தியப் போட்டி. சிற்றூர் மாணவிக்கு உண்மையான வாசல், கல்லூரிகளிலிருந்து அணியைப் பொறுக்கும் தேர்வு நாள்தான். வளையத்தின் உயரம் இருபாலருக்கும் 3.05 மீட்டர். பந்துதான் வேறு: ஆடவருக்கு 7-ஆம் எண், மகளிருக்குக் கைக்கு அடங்கும் 6-ஆம் எண்.