உறையாத மலை ஏரிகள்

சுற்றியுள்ள மலைகளில் பனி குவிந்து கிடக்க, கடுங்குளிர்காலத்திலும் மேற்பரப்பு உறையாமல் அலையடித்துக்கொண்டிருக்கும் ஆழமான ஏரிகள் உலகில் சில உண்டு. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் கிரேட்டர் ஏரி, கலிபோர்னியா–நெவாடா எல்லையிலுள்ள டாஹோ ஏரி, கிர்கிஸ்தானின் இசிக்-குல் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. இவற்றில் கிரேட்டர் ஏரியைப் பார்த்தாலே பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்னும் எரிமலை வெடித்து, உச்சி உள்வாங்கிச் சரிந்ததால் உண்டான பெரும்பள்ளத்தில் கிரேட்டர் ஏரி அமைந்துள்ளது. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆழம் 594 மீட்டர். அமெரிக்க ஏரிகளில் மிக ஆழமானது இதுவே. ஆற்றுவரத்து கிடையாது, மழையும் உருகும் பனியுமே இதை நிரப்புகின்றன. ஆண்டுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மீட்டருக்கும் மேல் பனி பொழியும் இடம் இது. அப்படியிருந்தும் இந்த ஏரி கரைக்குக் கரை முழுவதுமாக உறைந்தது கடைசியாக 1949இல்தான். 1985இல் பெரும்பகுதி உறைந்தது. ஆனால் முழுமையாக அல்ல.

எரிமலையின் மிச்சச் சூடுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஏரியின் அடியில் வெந்நீர்க் கசிவுகள் இருப்பது உண்மைதான். 1980களின் இறுதியில் நீர்மூழ்கிக் கலத்தில் இறங்கிய ஆய்வாளர்கள் அவற்றை நேரிலேயே கண்டார்கள். ஆனால் அடித்தளத்திலிருந்து வரும் அந்த வெப்பம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1 வாட் அளவே. குளிர்காலத்தில் மேற்பரப்பு காற்றுக்கு இழக்கும் வெப்பமோ அதைப்போல் பல மடங்கு. எரிமலைப் பள்ளத்தில் அமையாமல், பூமியின் பிளவுப் பெயர்ச்சியால் உருவான டாஹோவும் உறைவதில்லை. ஆகவே காரணத்தைத் தண்ணீரின் இயல்பிலேயே தேட வேண்டும்.

தண்ணீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியசில் மிக அடர்த்தியாக இருக்கிறது. இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, வெதுவெதுப்பான நீர் மேலே வருகிறது. 4 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த நீர் லேசாகிவிடுவதால் மேலேயே தங்கி, 0 டிகிரியில் உறைகிறது. ஆழமில்லாத ஏரியில் இது முடிய அதிக நாளாகாது. ஆழமான ஏரியில் குளிர்விக்க வேண்டிய நீரின் அளவே வேறு. அண்டாவில் காய்ச்சிய வெந்நீர் நெடுநேரம் சூடாக இருக்க, தம்ளரில் ஊற்றியது சீக்கிரம் ஆறிப்போவது போலத்தான் இதுவும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டரும் 200 மீட்டர் ஆழமும் கொண்ட நீர்த்தூணின் எடை 2 லட்சம் கிலோகிராம். அதை ஒரே ஒரு டிகிரி குளிர்விக்க 83 கோடி ஜூலுக்கும் மேல் வெப்பம் வெளியேற வேண்டும். மேற்பரப்பு சதுர மீட்டருக்கு 100 வாட் வீதம் இடைவிடாமல் வெப்பத்தை இழந்தாலும் அதற்கு 97 நாள் ஆகும். 5 மீட்டர் ஆழமுள்ள ஏரிக்கு இரண்டரை நாள் போதும். 200 மீட்டர் ஆழமுள்ள ஏரி உறையுமளவுக்குக் குளிர்வதற்குள் வசந்தம் வந்துவிடுகிறது.

உறைவதற்கு முன் ஏரி முழுவதும் அடிவரை 4 டிகிரிக்கு வந்தாக வேண்டும் என்று பாடநூல்களில் எழுதுவது வழக்கம். மிக ஆழமான ஏரிகளுக்கு அது அப்படியே பொருந்தாது. அழுத்தம் கூடக்கூட, நீர் மிக அடர்த்தியாகும் வெப்பநிலை 100 மீட்டருக்குச் சுமார் 0.2 டிகிரி வீதம் குறைகிறது. கிரேட்டர் ஏரியின் ஆழ்நீர் ஆண்டு முழுவதும் 3.5 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. குளிர்காலத்தில் நன்கு கலப்பது மேலே உள்ள 200–250 மீட்டர் நீர்தான். அதைக் கலக்குவது காற்று. 4 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து மேலே மிதக்கும் லேசான நீரைப் பிடித்துக் கீழே தள்ளுவதும், புதிதாகப் பிடிக்கும் மெல்லிய பனித்தகட்டை உடைப்பதும் அதே காற்றுதான். அது ஓய்ந்து, வானம் தெளிந்த இரவுகள் தொடர்ந்தால் ஆழமான ஏரியும் உறையக்கூடும். டாஹோவின் ஆழம் 501 மீட்டர். அதன் திறந்த பரப்பு உறைவதில்லை. ஆனால் அதே ஏரியின் எமரால்ட் குடா ஆழம் குறைந்தது, மலைகளின் மறைவில் இருப்பது. சில குளிர்காலங்களில் அதன்மேல் பனிக்கட்டி படர்கிறது.

ஆழம் ஒன்றே போதும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உலகிலேயே ஆழமான பைக்கால், 1,642 மீட்டர் ஆழம் இருந்தும், ஆண்டுதோறும் ஜனவரி முதல் மே வரை வண்டிகள் ஓடுமளவுக்கு உறைகிறது. சைபீரியக் குளிர்காலம் அவ்வளவு நீண்டது, அவ்வளவு கொடியது. ஆரிகன், கலிபோர்னியா மலைகளுக்கோ பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று வருகிறது. அங்கே பனி ஏராளம், கடுங்குளிர் குறைவு. உப்பும் தனியாகக் காப்பாற்றாது. லடாக்கின் பாங்காங் ஏரி உப்புநீர் ஏரிதான். ஆனால் 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஆழம் குறைவாக இருப்பதால் குளிர்காலத்தில் இறுகி உறைகிறது. 668 மீட்டர் ஆழமுள்ள இசிக்-குல்லில் ஒரு லிட்டருக்குச் சுமார் 6 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் உறைநிலை ஏறத்தாழ 0.3 டிகிரிதான் இறங்கும். அந்த ஏரியைப் பெரிதும் காப்பது அதன் ஆழமே.

அபூர்வமான குளிர்காலம் எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் 251 மீட்டர் ஆழமுள்ள கான்ஸ்டன்ஸ் ஏரி 1963இல் முழுவதும் உறைந்து, மக்கள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தே போனார்கள்.

உறையாமல் இருப்பதால் ஏரிக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. பனி மூடிய ஏரி காற்றோடு தொடர்பற்றுப் போகிறது. திறந்த ஏரியோ குளிர்காலம் நெடுகக் கலந்துகொண்டே உயிர்வளியைக் கீழே அனுப்புகிறது. டாஹோ சில ஆண்டுகளில் அடிமட்டம்வரை கலக்கிறது. ஆழ்நீர் உயிரினங்கள் அதை நம்பியே வாழ்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1968 முதல் அதன் நீர்த்தெளிவை அளந்து வருகிறார்கள். ஏரி வெப்பமடைய வெப்பமடைய இந்த முழுக்கலப்பு அரிதாகும் என்கிறார்கள் அவர்கள். டாஹோ போன்ற ஏரிகளில் இன்று கண்காணிக்க வேண்டியது மேலே பனி பிடிக்கிறதா என்பதைவிட, குளிர்காலக் கலப்பு அடிவரை எட்டுகிறதா என்பதைத்தான்.